உப்புத் தண்ணீர்த் தொட்டியில் திரும்பத் திரும்ப வரும் பாசி

வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பது பற்றி வானொலியில் பேசியபோது, தொலைபேசியில் வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தேய்த்துக் கழுவியாச்சு, மருந்து விட்டாச்சு, தண்ணீர் மாற்றியாச்சு. மூன்று கிழமையில் பழையபடி பாசி. இனி என்ன செய்கிறது?" ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. ஆறுதலாக எழுதித் தருகிறேன் என்று அன்று சொன்னேன். அதுதான் இது.

எங்களில் பலருக்கு இந்தத் தொட்டி வீட்டுக்குள் வந்த கதை ஒன்றுதான். 2003இல் வந்த "நீமோ" படத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கோமாளி மீன் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். இப்போது அவர்களுடைய தம்பி தங்கைகளோ, மருமக்களோ கேட்கிறார்கள். கண்ணாடி, விளக்கு, பம்பி, உப்பு, கல், மீன் என்று கூட்டினால் ஒரு நல்ல சோபாவின் விலை. அவ்வளவு காசு போட்ட பிறகு, கல்லெல்லாம் பச்சை மயிர் வளர்ந்து, வருகிற விருந்தாளி "இதென்ன, குளமோ?" என்று கேட்டால் மனம் நோகத்தான் செய்யும். தொட்டியை விற்றுவிடலாம் என்று நானும் ஒருமுறை விளம்பரம் எழுதி வைத்தேன்.

பாசியை ஒரு வருத்தமாக நினைத்து நாங்கள் மருந்து தேடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பாசி வளர வெளிச்சம் வேண்டும், நைத்திரேற்று வேண்டும், பொஸ்பேற்று வேண்டும். வெளிச்சம் மீனுக்கும் பவளத்துக்கும் தேவை. அதை முழுதாக நிறுத்த இயலாது. மற்ற இரண்டையும் தொட்டிக்குள் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் நாங்கள். சாப்பாட்டோடு போகிறது, தண்ணீரோடு போகிறது. மீன் தின்று கழிக்கிற அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. உள்ளே போனது வெளியே வர வழி இல்லாவிட்டால் அது பாசியாக வந்து நிற்கும். அந்தப் பாசியைத் தேய்த்து அதே தண்ணீருக்குள் மிதக்க விட்டால் அது அழுகி, மீண்டும் அதே நைத்திரேற்றும் பொஸ்பேற்றுமாகி, அடுத்த பாசிக்கு உரமாகும். மருந்து விட்டுக் கொன்றாலும் அதே கதைதான். ஊரில் தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புல்லைச் செருக்கி அதே பாத்திக்குள் தாட்டால் அது பசளைதானே.

கடலில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஹவாயின் ஒவாகு தீவில் கனியோகே குடா என்று ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் நகரக் கழிவுநீர் அதற்குள் விடப்பட்டது. பச்சைக் குமிழ்ப் பாசி ஒன்று பவளங்களின் மேல் படர்ந்து அவற்றை மூடிக் கொன்றது. 1977, 1978இல் கழிவுநீர்க் குழாய்களை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். அதன் பிறகு பாசி வெகுவாகக் குறைந்தது. யாரும் பாசிக்கு மருந்து அடிக்கவில்லை, வரவை நிறுத்தினார்கள்.

மற்றக் கதை ஜமெய்க்காவினுடையது. 1983, 1984இல் கரிபியன் கடலெங்கும் கறுத்த நீள முள்ளுக் கடல் முள்ளெலிகள் ஏதோ நோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போயின. பாறையில் பாசி மேய்ந்து கொண்டிருந்தவை அவைதான். பாசி மேயும் மீன்களை அதற்கு முன்பே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். 1980இல் பெரும் சூறாவளி ஒன்றும் பாறைகளை உடைத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் கடலடியில் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிர்ப்பவளம், 1990களின் தொடக்கத்தில் 3 சதவீதமாக இறங்கியது. இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. ஆகவே வரவைக் குறைக்கவும் வேண்டும், மேய ஆள் இருக்கவும் வேண்டும். 200 லீற்றர்க் கண்ணாடிப் பெட்டிக்கும் இதே விதிதான்.

குழாய்த் தண்ணீர்

இலண்டன் குழாய்த் தண்ணீரை நாங்கள் குடிக்கிறோம். குடிக்க அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனிதருக்குச் சரியானது பவளத்துக்குச் சரி என்று இல்லை. இங்கே குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்று இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதோடு, பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும் ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாமல் இருப்பதற்காக, இந்த நாட்டில் பெரும்பாலான இடங்களில் குடிநீருக்குள் வேண்டுமென்றே பொஸ்பேற்றுச் சேர்க்கிறார்கள். ரொறன்ரோவிலும் 2014 முதல் இதே காரணத்துக்காகச் சேர்க்கிறார்கள். அங்கே தொட்டி வைத்திருக்கிற சொந்தக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். சேர்க்கிற அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராம் பொசுபரசு என்று வையுங்கள். பொஸ்பேற்றாகச் சொன்னால் அது 3 மில்லிகிராம். உங்கள் தொட்டி 200 லீற்றர். நாளுக்கு 2 லீற்றர் ஆவியாகப் போகிறது. அதை ஈடுசெய்யக் குழாய்த் தண்ணீர் விடுகிறீர்கள். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர். வந்த பொஸ்பேற்று உள்ளே தங்கிவிடும். நாளுக்கு 6 மில்லிகிராம். தொட்டி முழுதும் பரப்பினால் லீற்றருக்கு 0.03. ஒரு கிழமையில் 0.2. பவளப்பாறைக் கடலில் இயல்பாக இருப்பது 0.02க்கும் குறைவு. மீனுக்கு ஒரு துளி சாப்பாடு போடாவிட்டாலும்கூடப் பாசி வளர இது காணும்.

இதற்கு ஒரே வழி ஆர்.ஓ. வடிகட்டியும், அதற்குப் பின்னால் டி.ஐ. குருணி நிரப்பிய ஒரு குழலும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் சுவரைத் துளைக்கத் தேவையில்லை. குழாய் வாயில் பூட்டிக் கழற்றுகிற மாதிரி வருகிறது. ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லீற்றர் கழிவாகப் போகும். தண்ணீர் மீற்றர் ஓடுகிற வீட்டில் அதை வாளியில் பிடித்து நிலம் துடைக்கலாம், கறிவேப்பிலைக் கன்றுக்கு விடலாம். எங்கள் ஆட்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடிகட்டி பூட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ரி.டி.எஸ். மீற்றர் என்று பேனா அளவில் ஒரு சின்னக் கருவி விற்கிறது. வடிகட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் அதை வைத்தால் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் குருணியை மாற்றுகிற நேரம் வந்துவிட்டது. நான் முதல் ஒரு வருடம் வடிகட்டி வாங்காமல், ஒரு கடையில் "சுத்தத் தண்ணீர்" என்று கலன் கலனாக வாங்கிச் சுமந்தேன். மீற்றர் வாங்கிய அன்று அந்தக் கலனுக்குள் வைத்துப் பார்த்தேன். 90 காட்டியது. ஒரு வருடமாக நான் காசு கொடுத்துப் பாசி வாங்கியிருக்கிறேன்.

சாப்பாடு

தண்ணீரைத் திருத்திய பிறகு பாசி பாதியாகக் குறைந்தது. பாதிதான். மிச்சப் பாதிக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கு எடுத்தது.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய், பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் இருப்பது மாமி மட்டும். குளிர் காலத்தில் வெளியே போகவும் மாட்டார். தொட்டிக்குப் பக்கத்துக் கதிரைதான் அவருடைய இடம். கடல் மீன்கள் ஆள் நடமாட்டம் கண்டால் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறக்கும். காலையில் நான் போட்டேன், பின்னேரம் மகள் போட்டாள், இடையில் மாமி அந்தப் பக்கம் போகிற நேரமெல்லாம் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார். கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. "பாவம் தம்பி, பசியில கிடக்குதுகள்" என்றார்.

உலர் உணவில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் பொசுபரசு இருக்கும். ஒரு கிராம் உணவு போட்டால் 30 மில்லிகிராம் பொஸ்பேற்று. 200 லீற்றரில் அது 0.15. மீன் வளர்ச்சியில் சேர்வது அதில் கொஞ்சம். மிச்சம் தண்ணீருக்குள்தான். எங்கள் வீட்டில் நாளுக்கு இரண்டு கிராமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

நான் சாப்பாட்டுப் போத்தலை எடுத்து மேல் அலுமாரியில் வைத்தேன். அது நான் செய்த பெரிய பிழை. மாமி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதிரையில் இருப்பதை விட்டுவிட்டார். இரண்டு கிழமை அவர் முன்னறைக்கே வரவில்லை. வன்னியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காணாத நாட்களைக் கண்டுவந்த ஒருவரிடம், வாயைத் திறக்கிற உயிருக்குப் போடாதீர்கள் என்று சொல்வது இலேசான கதை அல்ல என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வழி கண்டது மகள். அம்மம்மாவின் வில்லைப் பெட்டி போலவே இன்னொன்று வாங்கி வந்தாள்: ஏழு நாளுக்கு ஏழு அறை, ஒவ்வொன்றிலும் காலை மாலை என்று பிரிவு. ஞாயிற்றுக்கிழமை நான் அளந்து நிரப்புவேன். ஒரு பிரிவுக்குள் இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவு மட்டும். போடுகிற உரிமை மாமிக்கு மட்டும்; நானோ பிள்ளைகளோ தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை அறை வெறுமை. வளர்ந்த, கொழுத்த மீன்களுக்குக் கிழமையில் ஒரு நாள் சாப்பாடு இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. மாமிக்கும் வெள்ளி விரதம். "அதுகளும் விரதம்" என்று அவரே வருகிறவர்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

உறைந்த இறால் கட்டி போடுகிறவர்கள், அதைக் கரையவிட்டுத் தேயிலை வடியில் ஊற்றி, சாற்றைக் கொட்டிவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள். அந்தச் சாற்றை மீன் தின்பதில்லை, பாசிதான் தின்கிறது.

கல்லுக்குள் இருக்கிற கடன்

இரண்டு வரவையும் குறைத்துவிட்டு அடுத்த கிழமையே பாசி போய்விடும் என்று எதிர்பார்க்கிறவர்கள்தான் அதிகம். போகாது. தொட்டியில் இருக்கிற கல்லும் மணலும் கல்சியம் காபனேற்று. அவை பொஸ்பேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறையக் குறையத் திரும்ப விட்டுக்கொடுக்கும். இரண்டு வருடம் சேர்த்த கடன் இரண்டு கிழமையில் தீராது. மூன்று மாதமாவது எடுக்கும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில்தான் பொறுமை இழந்து ஆட்கள் மருந்து போத்தலுக்குக் கை நீட்டுகிறார்கள்.

பொஸ்பேற்றை உறிஞ்ச இரும்பு ஒட்சைட்டுக் குருணி விற்கிறார்கள். நல்ல பொருள்தான். போத்தலில் எழுதியிருக்கிற அளவில் பாதியோடு தொடங்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் பவளம் வெளிறும்.

இன்னொரு குழப்பம் பரிசோதனையில் வருகிறது. "நைத்திரேற்று 0, பொஸ்பேற்று 0 காட்டுகிறது. அப்படியானால் பாசி எதைத் தின்று வளர்கிறது?" என்று ஒரு அன்பர் கேட்டார். தண்ணீரில் வந்தவுடனேயே பாசி அதைப் பிடித்துக்கொள்கிறது. பரிசோதிக்கிற கண்ணாடிக் குழாய்க்குள் வர ஒன்றும் மிஞ்சுவதில்லை. சம்பளம் வந்த அன்றே செலவானால் வங்கிக் கணக்கு வெறுமையாகத்தான் இருக்கும். அதற்காகச் சம்பளம் வரவில்லை என்று ஆகாது. நிறத்தைப் பார்த்து மதிப்பிடுகிற மலிவான பெட்டிகள், பொஸ்பேற்றின் இந்தச் சின்ன அளவுகளுக்கு உதவா. எண்ணாகக் காட்டுகிற கையடக்கக் கருவி ஒன்று வாங்கினால் நல்லது. நைத்திரேற்று 5 முதல் 10, பொஸ்பேற்று 0.03 முதல் 0.1 என்று வைத்திருந்தால் போதும். 0 வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிடுங்குவதும் மேய்வதும்

வரவைக் குறைத்த பிறகுதான் கைவேலைக்குப் பலன் உண்டு. பச்சை மயிர்ப்பாசியைக் கையால் பிடுங்குங்கள். எடுக்கக்கூடிய கல்லை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த உப்புத் தண்ணீர் உள்ள வாளிக்குள் வைத்துப் பழைய பல் பிறஷால் தேய்த்து, அலசி, திரும்ப வையுங்கள். எடுக்க முடியாத கல் என்றால், உறிஞ்சுகிற குழாயைப் பக்கத்தில் பிடித்தபடி தேய்க்க வேண்டும். தேய்த்தது தொட்டிக்குள் மிதக்கவே கூடாது. கிழமைக்கு ஒருமுறை, 15 சதவீதத் தண்ணீர் மாற்றத்தோடு சேர்த்துச் செய்தால் ஒரே வேலையாகப் போய்விடும். வெளியே எடுத்த ஒவ்வொரு பிடி பாசியும் தொட்டியை விட்டுப் போன நைத்திரேற்று, பொஸ்பேற்று. அப்படிப் பார்த்தால் இந்த வேலையில் அலுப்பு வராது.

மேய்கிற பிராணிகளை வாங்கி விட்டால் அவை தின்று தீர்த்துவிடும் என்று கடையில் சொல்வார்கள். அரைவாசி உண்மை. இரண்டங்குலம் வளர்ந்த மயிர்ப்பாசியை நத்தைகள் தொடமாட்டா. நீங்கள் பிடுங்கிக் கட்டையாக்கிய பிறகு முளைக்கிற குருத்தைத்தான் அவை மேயும். ரொக்கஸ் நத்தை நல்லது. புரண்டு விழுந்தால் தானே நிமிரும். நீலக் கோடு போட்ட சின்னக் கடல் முள்ளெலி ஒன்று விற்கிறார்கள். அது மேய்கிற வேகத்துக்கு நிகர் இல்லை. ஆனால் கிடைக்கிற சிப்பி, கல், பவளத்துண்டு எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரியும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

மீன்களில் நரிமுகம் என்று பொருள்படும் பெயரில் ஒரு மஞ்சள் மீன் இங்கே கடைகளில் இருக்கும். அதன் முதுகு முள்ளைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக் களப்பில் பிடித்துச் சந்தையில் விற்கிற ஓராவின் இனம்தான் அது. ஓராவும் பாசி மேய்கிற மீன். முள்ளுக் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இந்த மஞ்சள் மீனும் அப்படித்தான், கையை வைக்காதீர்கள். பாசிக்கு அருமையான மீன். ஆனால் ஒரு சாணளவு வளரும். 200 லீற்றர் அதற்குச் சிறை. 400 லீற்றருக்கு மேல் வைத்திருக்கிறவர்கள் மட்டும் யோசியுங்கள்.

கீழே இரண்டாவது தொட்டி வைக்க இடம் இருந்தால், கீற்ரோ என்று சுருக்கமாகச் சொல்கிற பச்சைக் கம்பிச் சுருள் போன்ற பாசியை அதற்குள் போட்டு, இரவில் விளக்கு எரிய விடுங்கள். பாசியை ஒழிக்கப் பாசி வளர்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். மேலே வளர்வது கீழே வளரட்டும் என்பதுதான் திட்டம். அது ஒரு பந்தாகத் திரண்டதும் பாதியைப் பிய்த்துக் குப்பையில் போடுங்கள். சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்ட வேண்டாம். கோலர்ப்பா என்கிற தொட்டிப் பாசி ஒன்று 1984இல் மொனாக்கோக் கரையில் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் பெரும் பரப்பைப் பிடித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் 2000இல் அதையே கண்டு, 2006 வரை பாடுபட்டுத்தான் ஒழித்தார்கள்.

எந்தப் பாசி என்று பாருங்கள்

இதுவரை சொன்னது பச்சை மயிர்ப்பாசிக்கு. எல்லாப் பாசியும் அது அல்ல. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் கபிலத் தூசி போலப் படிவது தயற்றம். தண்ணீரிலும் மணலிலும் இருக்கிற சிலிக்கேற்றைத் தின்று முடித்ததும் தானே போய்விடும். அதற்கு ஒன்றும் செய்யாதீர்கள். சிவந்த தோல் போல மணலை மூடி, பிடித்து இழுத்தால் தாளாக உரிந்து வருவது பாசியே அல்ல, ஒரு பற்றீரியா. அழுக்குத் தேங்கி, நீரோட்டம் குறைந்த மூலையில் வரும். உறிஞ்சி எடுத்து, பம்பியின் வாயை அந்த மூலைக்குத் திருப்புங்கள். இறகு போல நடுத்தண்டும் இரு பக்கக் கிளையும் இருந்தால் அது பிரையொப்சிஸ். மயிர்ப்பாசிக்கு அண்ணன். மனிதருக்குப் பங்கசுக்குக் கொடுக்கிற புளுக்கொனசோல் மருந்தை இதற்குப் பாவிக்கிறார்கள், பலனும் உண்டு. ஆனால் தொட்டியில் இருக்கிற உண்மையான தண்ணீர் அளவைக் கல்லைக் கழித்துக் கணக்கிட்டுத்தான் விட வேண்டும். வரவு குறையாவிட்டால் இடத்தை வேறொரு பாசி பிடிக்கும்.

கடைசியாக, கபில நிறத்தில் சளி போல, நுனியில் காற்றுக் குமிழோடு நூல் நூலாகத் தொங்குவது. பகலில் தடித்து இரவில் குறையும். இது தைனோ எனப்படும் கூட்டம். பெரும்பாலும் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் 0க்கு இறங்கிய தொட்டியில்தான் இது வரும். பாசிக்குப் பயந்து மீனைப் பட்டினி போட்டு, குருணியை அள்ளிப் போட்டு, கிழமைக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றியவர்களுக்குக் கிடைக்கிற பரிசு. இதில் சில வகை நத்தைகளைக் கொல்லும். இதற்கு வைத்தியம் தலைகீழ்: தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, குருணியை எடுத்து, சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டி, மேலே சொன்ன அளவுக்கு எண்களை ஏற்ற வேண்டும். 0 வேண்டாம் என்றது இதற்குத்தான்.

செய்யக் கூடாதவை

விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் வைத்தால் பாசி செத்துவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நானும் செய்தேன். பிடுங்காமல், கல்லெல்லாம் பாசி நிறைந்து இருந்தபோதே செய்தேன். பாசி செத்தது உண்மை. செத்த பாசி ஒரேயடியாக அழுகி, தண்ணீரில் இருந்த ஒட்சிசனை இழுத்துவிட்டது. நான்காம் நாள் காலை போர்வையை எடுத்தபோது, ஐந்து வருடம் வளர்த்த கோமாளி மீன் சோடி மணலில் கிடந்தது. ஒரு மாதத்தில் பாசி திரும்ப வந்தது. மீன் வரவில்லை. மூடுவதானால் முதலில் பிடுங்கி எடுங்கள். மூடிய நாட்களில் நீர்மட்டம் நன்றாகக் கலங்கும்படி பம்பியை மேல்நோக்கித் திருப்பி, காற்றுக் கல்லும் போடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பாசி பிடித்த கல்லை எடுத்து அடுப்பில் வைத்து அவிக்கிற பழக்கம். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்ப்பதும் அப்படித்தான். கல்லில் பொத்தான் போல ஒட்டியிருக்கிற சில பவளங்களில் பாலிரொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியோடு, தெறிக்கிற நீர்த்துளியோடு அது மூச்சுக்குள் போகும். 2018இல் ஒக்ஸ்போட்ஷயரில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமும், உதவிக்குப் போன அவசர சேவையாளர்களும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எங்கள் வீடுகளில் குசினியும் பிள்ளைகள் படிக்கிற மேசையும் ஒரே அறையில் இருக்கும். கல்லை ஒருநாளும் அவிக்காதீர்கள். தேய்க்கும்போது கையுறை, கண்ணாடி போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். தேய்த்த பிறகு காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வாயில் இரும்புச் சுவை வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், தொட்டிப் பவளத்தைத் தொட்டதாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்றாது.

விளக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி: நாளுக்கு எட்டு மணித்தியாலம் போதும். நேரம் வைக்கிற பிளக் ஒன்றைப் பூட்டி விடுங்கள். அணைக்க மறந்து இரவு பதினொரு மணி வரை எரிகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

எங்கள் தொட்டியில் இப்போது பாசி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்பக்கக் கண்ணாடியில் ஒரு மெல்லிய பச்சை எப்போதும் உண்டு; நத்தைகளுக்கு அது வேண்டும். மாமி பழைய கதிரைக்கு வந்துவிட்டார். வில்லைப் பெட்டியில் சில வேளை செவ்வாய்க்கிழமை அறை திங்களே வெறுமையாக இருக்கிறது. நான் கேட்பதில்லை; புதன்கிழமையில் கொஞ்சம் குறைத்து நிரப்பிவிடுவேன்.

மீண்டும் தொலைபேசியில் கேட்க விரும்புகிற நேயர்கள், கேட்பதற்கு முன் நான்கு விடயங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தொட்டி எத்தனை லீற்றர், விடுகிற தண்ணீரின் ரி.டி.எஸ். எவ்வளவு, நைத்திரேற்று பொஸ்பேற்று எண்கள் என்ன, வீட்டில் மீனுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு வீட்டில் எல்லோரையும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.